'அறிவேன்' என்ற பழைய ஜெர்மானிய வினை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் 'ஹீ ரன்ஸ்', 'ஹீ ஈட்ஸ்' என்று ஸகரம் சேர்த்துப் படித்துவிட்டு, 'ஹீ கேன்' என்று வரும்போது மட்டும் அந்த ஸகரம் எங்கே போனது என்று பள்ளியில் கேட்டவர்கள் உண்டு. "அது விதிவிலக்கு, மனப்பாடம் செய்துகொள்" என்பதுதான் பெரும்பாலும் கிடைத்த பதில். அந்த விதிவிலக்குக்குக் காரணம் இருக்கிறது. வட ஐரோப்பாவில் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்ட, ஒரு நூல்கூட விட்டுச்செல்லாத மொழியில் அது இருக்கிறது. அந்த மொழியில் 'அறிதல்' என்ற பொருளில் வழங்கிய *விட்டன என்னும் ஒரே வினையைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தக் காரணத்தைத் தொட்டுவிடலாம். வழியில் வேதமும் வித்வானும் வீடியோவும் எதிர்ப்படும்.

எல்லாச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஜெர்மானியச் சொற்களில் வரும் ட், ட்ட ஆகியவற்றை 'டென்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலொலியாகப் படியுங்கள். வடமொழி, கிரேக்கம், லத்தீன் சொற்களில் உள்ள ஒற்றைத் தகரத்தை 'பாதம்' என்பதில் ஒலிப்பதுபோல் மெல்லப் படியுங்கள். *விட்டன என்பதன் கடைசி அகரம் மூக்கொலி. பேச்சுத் தமிழில் 'அவன்', 'மரம்' என்பவற்றின் இறுதி மூக்கில் கரைகிறதே, அதுபோல.

மூல ஜெர்மானியம் என்றால் என்ன?

ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியன், ஐஸ்லாந்திய மொழி, மறைந்துபோன கோதிக் ஆகிய எல்லாவற்றுக்கும் தாய்மொழி. டென்மார்க், தென் ஸ்காண்டிநேவியா, வட ஜெர்மனி ஆகிய பகுதிகளில் கி.மு. முதல் ஆயிரமாண்டின் பின்பாதியில் வழங்கியது. அதற்கும் தாய், நாம் இந்தோ-ஐரோப்பிய மூலமொழி என்று சொல்வது. வடமொழி, பாரசீகம், கிரேக்கம், லத்தீன், ரஷ்யன் எல்லாம் அந்தப் பெரிய குடும்பத்தின் பிற கிளைகள்.

யாரும் எழுதிவைக்காத சொல்லை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? முன்னால் இருக்கும் உடுக்குறி (*) எதற்கு?

உடுக்குறி ஒரு நேர்மையின் அடையாளம். "இந்த வடிவம் எந்த ஏட்டிலும் கல்லிலும் கிடைக்கவில்லை, மகள் மொழிகளை ஒப்பிட்டுக் கட்டியெழுப்பியது" என்று அது வாசகரிடம் சொல்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அவுகுஸ்ட் ஷ்லைஹர் இந்த வழக்கத்தைப் பரவச் செய்தார். மூலத் திராவிடச் சொற்களுக்கு முன்னாலும் இதே குறியைத்தான் போடுகிறார்கள்.

கட்டியெழுப்புவது ஊகம் அல்ல. கோதிக்கில் 'அறிகிறேன்' என்பது வைட். ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நார்ஸில் வெயிட். பழைய ஆங்கிலத்தில் வாட். பழைய உயர் ஜெர்மனில் வெய்ஸ். 'ஐ' என்ற ஈருயிர் பழைய ஆங்கிலத்தில் 'ஆ' ஆவது இந்த ஒரு சொல்லில் மட்டும் நடப்பதல்ல. கோதிக் ஸ்டைன்ஸ் (கல்) பழைய ஆங்கிலத்தில் ஸ்டான், ஹைம்ஸ் (ஊர்) என்பது ஹாம். நூற்றுக்கணக்கான சொற்களில் இதே ஒழுங்கு. அந்த ஒழுங்கைப் பின்னோக்கி ஓட்டினால் *வைட் என்ற ஒரே வடிவத்தில் போய் நிற்கிறோம்.

வெளிச்சாட்சியும் உண்டு. ஃபின்னிஷ் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஆனால் பழங்காலத்தில் ஜெர்மானிய அண்டை வீட்டாரிடமிருந்து நிறையச் சொற்களைக் கடன் வாங்கியது. அறிவாளிக்கு இன்றும் ஃபின்னிஷில் 'வீஸஸ்'. மொழியியலாளர்கள் கட்டியெழுப்பிய மூல ஜெர்மானிய வடிவம் *வீஸஸ், இறுதி ஸகரம் சற்று அதிர்ந்து ஒலிக்கும். ஆங்கிலம் அதை 'வைஸ்' என்றும் ஜெர்மன் 'வைஸெ' என்றும் தேய்த்துவிட்டன. கடன் வாங்கியவர் வீட்டில் பாத்திரம் வாலோடு அப்படியே இருக்கிறது.

இந்த வினைக்கு முதல் பொருள் 'அறிதல்' தானா?

இல்லை. 'காணுதல்'. இந்தப் பக்கத்தை நான் எழுதுவதே இந்தப் பதிலுக்காகத்தான். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் *வெய்த் என்றொரு வேர். பொருள், பார்ப்பது, கண்ணில் படுவது. அந்த மொழியின் வினைகளுக்கு 'முற்றுநிலை' என்றொரு வடிவம் இருந்தது. நடந்து முடிந்ததைச் சொல்வது மட்டும் அதன் வேலை அல்ல. முடிந்ததன் விளைவாக இப்போது இருக்கும் நிலையைச் சொல்வதுதான் அதன் உயிர். தமிழருக்கு இதை விளக்குவது எளிது. "தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்" என்கிறோம். உட்காரும் செயல் எப்போதோ முடிந்தது. நாம் சொல்வது இப்போதைய நிலையை. 'படுத்திருக்கிறார்', 'கோபித்துக்கொண்டிருக்கிறார்', 'கடன்பட்டிருக்கிறேன்' எல்லாம் அப்படியே.

*வெய்த் என்ற வேரின் முற்றுநிலை *வோய்தெ. 'கண்டிருக்கிறார்' என்பது சொல்லுக்குச் சொல் பொருள். கண்டவருக்கு என்ன மிஞ்சும்? அறிவு. ஆக, 'கண்டிருக்கிறார்' என்றால் 'அறிவார்'. இந்தப் பொருள்மாற்றம் ஜெர்மானியத்துக்கு முன்பே, மூலக்குடும்பம் பிரிவதற்கு முன்பே நடந்துவிட்டது. வடமொழியில் அதே வடிவம் 'வேத', அறிகிறான். கிரேக்கத்தில் 'ஓய்த', அறிகிறேன். ஜெர்மானியத்தில் *வைட். மூன்றும் முற்றுநிலையின் உருவத்தில் நிகழ்காலத்தைச் சொல்கின்றன.

இன்னொரு விசேஷம். இந்தக் குடும்பத்தின் முற்றுநிலைகள் வழக்கமாக முதலெழுத்தை இரட்டிக்கும். வடமொழியில் 'ததர்ஶ' (கண்டான்), 'சகார' (செய்தான்) என்று வருவது அதனால்தான். 'வேத' மட்டும் இரட்டிப்பதில்லை. கிரேக்க 'ஓய்த'வும் இரட்டிப்பதில்லை. இவ்வளவு பொதுவான சொல்லில் இவ்வளவு விநோதமான ஒற்றுமை தற்செயலாக வராது. தாயிடமிருந்து வந்த மச்சம் அது.

காண்பதிலிருந்து அறிவது என்பது கொஞ்சம் இழுத்துச் சொல்வதுபோல் இல்லையா?

தமிழில் யோசித்துப் பாருங்கள். "மலை தெரிகிறது." "எனக்கு அந்த விஷயம் தெரியும்." ஒரே சொல். கண்ணுக்குப் புலப்படுவதும் மனத்துக்குப் புலப்படுவதும் நமக்கும் ஒன்றுதான். 'கண்டறிதல்' என்று இரண்டையும் ஒட்டியே ஒரு வினை வைத்திருக்கிறோம்.

இதைவிட அழகானது இலக்கண ஒற்றுமை. "எனக்குத் தெரியும்" என்பது இப்போது எனக்கு இருக்கும் அறிவைச் சொல்கிறது. ஆனால் 'தெரியும்' என்பதன் உருவம் எதிர்காலம், 'நாளை மழை வரும்' என்பதில் உள்ள அதே 'உம்'. நிகழ்கால உருவத்தைப் போட்டு "எனக்குத் தெரிகிறது" என்றால் பொருளே மாறி, 'கண்ணில் படுகிறது' அல்லது 'புரியத் தொடங்குகிறது' என்ற பக்கம் போய்விடும். தமிழ், அறிவைச் சொல்ல எதிர்கால உருவத்தை எடுத்துக்கொண்டது; ஜெர்மானியம் முற்றுநிலையை எடுத்துக்கொண்டது. இரண்டுமே சாதாரண நிகழ்காலத்தை வேண்டாம் என்று ஒதுக்கின. அறிவு நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல என்பதை இரண்டு குடும்பங்களும் தனித்தனியாக உணர்ந்திருக்கின்றன. இதில் உறவு கிடையாது. உறவே இல்லாமல் இப்படி அமைந்ததுதான் எனக்கு வியப்பு.

வேத, வைட்: நடுவில் தகரம் டகரமானது எப்படி?

ஒலி விதி. டேனிய அறிஞர் ராஸ்மஸ் ராஸ்க் 1818-இல் சுட்டிக்காட்டி, யாக்கோப் கிரிம் 1822-இல் முழுமையாக வகுத்தது. இன்று கிரிம் விதி என்று பெயர். (நாட்டுப்புறக் கதைகளைத் தம்பியோடு சேர்ந்து தொகுத்தாரே, அதே கிரிம்.) மற்ற கிளைகளில் மெல்ல ஒலிக்கும் தகரம் இருக்கும் இடத்தில் ஜெர்மானியத்தில் வலிந்த டகரம் வரும். பகரம் இருந்த இடத்தில் ஃபகரம் வரும்.

தமிழுக்கு வந்த வடசொற்களை வைத்தே சோதிக்கலாம். தசம் என்பதன் ஆங்கில உறவு டென். தந்தம் என்பதற்கு டூத். பாதம் என்பதற்கு ஃபுட். இதில் இரண்டு மாற்றங்களும் ஒன்றாக நடந்திருக்கின்றன. அதே வரிசையில் வேதம் என்பதற்கு விட். 'விட் அண்ட் ஹ்யூமர்' என்கிறோமே, அந்த விட்தான். முதலில் அதற்கு அறிவு என்று பொருள்; சமயோசிதம், நகைச்சுவை என்பவை பிறகு வந்தவை.

உயிரெழுத்தும் மாறியது. பழைய ஒகரம் ஜெர்மானியத்தில் அகரமாகும் என்பதால் *வோய் என்பது *வை ஆனது.

முழு வாய்பாடு எப்படி இருந்தது?

ஒருமையில் *வைட் (நான் அறிவேன்), *வைஸ்ட் (நீ அறிவாய்), *வைட் (அவன் அறிவான்). பன்மையில் *விட்டும் (நாம் அறிவோம்), *விட்டுத் (நீங்கள்), *விட்டுன் (அவர்கள்). 'நீங்கள்' வடிவத்தின் கடைசித் த், ஆங்கில 'திங்க்' தொடங்கும் ஒலி. பெயர்போல் நிற்கும் வடிவம் *விட்டன, அறிதல்.

ஒருமையில் 'ஐ', பன்மையில் 'இ' என்று உயிர் மாறுவதைக் கவனியுங்கள். மூலமொழியில் ஒருமைக்கு அழுத்தம் வேரின்மேல் விழுந்தது. பன்மைக்கு விகுதியின்மேல் விழுந்தது. அழுத்தம் போன இடத்தில் வேர் சுருங்கியது. வடமொழியிலும் இதே கதை: 'வேத' அறிகிறேன், 'வித்ம' அறிகிறோம். கிரேக்கத்தில் 'ஓய்த', 'இஸ்மென்'. இன்றைய ஜெர்மனில் 'இஹ் வைஸ்', 'வீர் விஸ்ஸென்'. பெர்லினில் ஒரு குழந்தை வைஸ், விஸ்ஸென் என்று மாற்றிச் சொல்லும்போது, அந்த உயிரெழுத்துக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அழுத்தத்தின் தடம் ஒலிக்கிறது. அந்த அழுத்தம் செத்து எவ்வளவோ காலமாகிவிட்டது; தடம் மட்டும் அழியவில்லை.

'அறிந்தேன்' என்று இறந்தகாலம் சொல்ல என்ன செய்தார்கள்?

சிக்கல் புரிகிறதா? இறந்தகாலத்தோடு தொடர்புடைய பழைய வடிவத்தை நிகழ்காலம் எடுத்துக்கொண்டுவிட்டது. இறந்தகாலத்துக்குப் புதிதாக ஒன்று வேண்டும். ஜெர்மானிய மொழிகளுக்கே உரிய பல்லொலி விகுதியை (நாக்கு பல்லருகே பட்டு வரும் த, ட போன்ற ஒலி; ஆங்கிலத்தில் 'லவ்ட்', 'வாக்ட்' என்று இன்றும் கேட்பது) வேரோடு ஒட்டினார்கள். வேரின் கடைசியில் ஒரு பல்லொலி, விகுதியின் முதலில் ஒரு பல்லொலி. இரண்டும் மோதும்போது ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு விதமாகச் சமாளித்தது. வடமொழியில் 'வித்த', இரட்டைத் தகரம். கிரேக்கத்தில் 'ஓய்ஸ்த' (நீ அறிவாய்), ஸகரமும் தகரமும். லத்தீனும் ஜெர்மானியமும் ஸகரமாகவே கரைத்துவிட்டன. ஆக *விஸ்ஸோ, அறிந்தேன், *விஸ்ஸே, அறிந்தான். கோதிக்கில் விஸ்ஸ.

இதில் ஒரு தொல்லை. 'விஸ்ஸ' என்று காதில் விழும்போது இறந்தகால டகரம் எங்கேயும் கேட்கவில்லை. பின்னால் வந்த தலைமுறைகளுக்கு அது குறையாகப் பட்டிருக்க வேண்டும். இன்னொரு டகரத்தைச் சேர்த்துவிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் விஸ்ஸெ என்பதோடு விஸ்டெ என்பதும் வந்தது. ஜெர்மனில் வுஸ்டெ, டச்சில் விஸ்ட், ஸ்வீடிஷில் விஸ்டெ. ஒரே சொல்லில் இரண்டு இறந்தகால விகுதிகள், ஒன்று கரைந்தது, மற்றது கண்ணுக்குத் தெரிவது.

இதே மோதலில் பிறந்த பெயரடை *விஸ்ஸஸ், 'அறியப்பட்டது'. ஜெர்மனில் கெவிஸ் என்றால் இன்று 'நிச்சயமாக'. அறிந்தது நிச்சயமானது.

சரி, 'ஹீ கேன்' என்பதற்கு வருவோமா?

முற்றுநிலைக்குத் தனி விகுதிகள் இருந்தன. சாதாரண நிகழ்காலத்தில் 'அவன்' என்பதற்கு மூலமொழியில் '-தி' என்று முடியும். ஆங்கிலத்தில் அது 'த்' ஆகிப் பிறகு அதன் இடத்தில் ஸகரம் வந்தது. முற்றுநிலையிலோ 'அவன்' என்பதற்கு வெறும் எகரம்தான் விகுதி. *வோய்தெ என்பதன் கடைசி எகரம் ஜெர்மானியத்தில் உதிர்ந்ததும் *வைட் என்று வேர் மொட்டையாக நின்றது. ஸகரம் வருவதற்கு அங்கே இடமே இல்லை. அதனால்தான் ஜெர்மனில் 'எர் வைஸ்', அவன் அறிவான். கடைசியில் வழக்கமான டகரம் கிடையாது. ஜெர்மன் கற்கத் தொடங்கும் எல்லோரும் முதல் மாதத்திலேயே இதில் தடுக்கி விழுவார்கள். நானும் விழுந்தேன், 'எர் வைஸ்ட்' என்று எழுதிச் சிவப்பு மையில் திருத்தம் வாங்கினேன்.

*விட்டன தனியாள் அல்ல. முற்றுநிலை உருவில் நிகழ்காலம் சொல்லும் வினைகள் மூல ஜெர்மானியத்தில் ஒரு டஜனுக்கு மேல் இருந்தன. ஆங்கிலத்தின் கேன், மே, ஷால், மஸ்ட், டேர், ஆட் எல்லாம் அந்தக் கூட்டத்தின் பிள்ளைகள். 'வில்' மட்டும் வேறு வழியாக வந்து இவர்களோடு சேர்ந்துகொண்டது. 'ஹீ கேன்' என்பதில் ஸகரம் விடுபடவில்லை. அது ஒருபோதும் அங்கே இருந்ததில்லை.

இவற்றின் மூலப்பொருள்களைப் பார்த்தால் முற்றுநிலை என்ன செய்தது என்பது இன்னும் விளங்கும். 'ஷால்' என்பதன் முன்னோர் *ஸ்கல், 'கடன்பட்டிருக்கிறேன்'. அதனால்தான் ஜெர்மனில் ஷுல்ட் என்றால் கடன், குற்றம் இரண்டும். கோதிக்கில் 'மன்' என்றால் 'நினைக்கிறேன்'. மனம் என்ற சொல்லின் வேரே அதற்கும் வேர். கோதிக்கின் 'லைஸ்' என்பதும் 'அறிகிறேன்'தான். ஆனால் அது தடம் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. தடம் பிடித்துப் போனவர் அறிவார். ஆங்கிலத்தின் 'லேர்ன்' அந்த வேரைச் சேர்ந்தது.

'கேன்' என்பதன் பழைய பொருள் 'எப்படி என்று அறிவேன்'. நாமும் "எனக்கு நீந்தத் தெரியும்" என்றுதானே சொல்கிறோம்? அந்த வேர் வடமொழியில் 'ஞா'. தமிழுக்கு ஞானம், ஞானி என வந்தது. ஆங்கிலத்தின் 'நோ' என்ற வினையும் அதுவே.

இந்த வினையை நேரில் பார்க்கக்கூடிய பழைய ஆவணம் எது?

கோதிக் விவிலியம். 4ஆம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்தது. அதன் மிகப் புகழ்பெற்ற பிரதி 6ஆம் நூற்றாண்டில், ஊதா நிறம் தோய்த்த தோலில் வெள்ளி, பொன் மையால் எழுதப்பட்டது. 336 ஏடுகள் இருந்த நூலில் 188 எஞ்சியுள்ளன. 187 ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன; ஓர் ஏடு 1970-இல் ஜெர்மனியின் ஸ்பைரில் கண்டெடுக்கப்பட்டது.

அதில் யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில், பார்வை பெற்ற குருடனை விசாரிக்கும் இடம் இருக்கிறது. அவன் சொல்வது: "தட்-ஐன் வைட், ஈ ப்ளிண்ட்ஸ் வஸ், இத் நூ செஹ்வ." ஒன்று அறிவேன், நான் குருடனாக இருந்தேன், இப்போதோ காண்கிறேன். வுல்ஃபிலாவுக்கு முன்னால் இருந்த கிரேக்க மூலத்தில் அந்த 'அறிவேன்' என்ன தெரியுமா? 'ஓய்த'. கோதிக் 'வைட்' என்பதன் உடன்பிறப்பு. இரண்டு மொழிகளும் பிரிந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து, ஒரு மொழிபெயர்ப்பாளரின் மேசையில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். அவருக்கு அந்த உறவு தெரிந்திருக்க வழியே இல்லை.

அந்த வரியின் உள்ளே இன்னொன்றும் இருக்கிறது. காண்பதிலிருந்து பிறந்த சொல்லால் 'அறிவேன்' என்கிறான். ஆனால் 'காண்கிறேன்' என்பதற்கு அந்தச் சொல் இப்போது உதவவில்லை. *வெய்த் முழுக்க அறிவின் பக்கம் போய்விட்டதால், காண்பதற்கு ஜெர்மானியர் வேறொரு வேரை, *செஹ்வன என்பதை, எடுத்துக்கொண்டார்கள். ஆங்கில 'ஸீ' அதுதான்.

வித்வானுக்கும் இந்த வினைக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு, அதுவும் நெருங்கிய தொடர்பு. முற்றுநிலையிலிருந்து 'கண்டிருப்பவர், அறிந்தவர்' என்ற பொருளில் ஒரு பெயர்வடிவம் மூலமொழியில் இருந்தது. வடமொழியில் அது 'வித்வான்'. கிரேக்கத்தில் 'எய்தோஸ்'. ஜெர்மானியத்தில் இந்த வகைப் பெயர்வடிவங்கள் ஏறக்குறைய எல்லாமே அழிந்துவிட்டன. கோதிக்கில் 'வீட்வோட்ஸ்' என்ற இந்தச் சொல் தப்பித்திருக்கிறது. அதன் பொருள், சாட்சி.

ஒரே சொல், இந்தியாவில் கற்றறிந்தவர் ஆயிற்று. தமிழில் நாகஸ்வர வித்வான், மிருதங்க வித்வான் என்று கச்சேரி மேடை ஏறிவிட்டது. கோதியரிடம் அது நீதிமன்றப் பக்கம் போனது. கண்ணால் கண்டவர்தான் அங்கே அறிந்தவர். 'சாட்சி' என்ற நம் சொல்லும் கண்ணைக் குறிக்கும் 'அக்ஷி' என்ற வடசொல்லைத் தனக்குள் வைத்திருக்கிறது. ஆங்கில 'விட்னஸ்' என்பதிலும் விட் இருக்கிறது.

ஜெர்மனில் வெள்ளை நிறத்துக்கும் 'வைஸ்' என்கிறார்களே, அதுவும் இதுதானா?

இல்லை. நிறத்தைக் குறிப்பது மூல ஜெர்மானிய *ஹ்வீட்டஸ் என்பதிலிருந்து வந்தது, ஆங்கிலத்தில் 'வைட்'. இரண்டு வேறு சொற்கள் தேய்ந்து தேய்ந்து ஒரே ஒலியில் வந்து முட்டிக்கொண்டன.

ஆங்கிலம் இந்த வினையை ஏன் இழந்தது?

'நோ' அதன் இடத்தைப் பிடித்தது. ஜெர்மன், செய்தியை அறிவதற்கு விஸ்ஸென், ஆளை அறிவதற்குக் கென்னென் என்று இரண்டையும் வைத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் ஞானத்தின் வேர் வேதத்தின் வேரைத் தள்ளிவிட்டது. உடனே அல்ல. பழைய ஆங்கில மன்னர்களின் ஆலோசனைச் சபையினருக்கு 'விட்டன்', அறிந்தோர் என்று பெயர். 1611-இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பில்கூட 'ஐ வொட்', 'விஸ்ட் யீ நாட்' என்ற வடிவங்கள் வருகின்றன.

இன்று மிச்சம் இருப்பவை எலும்புகள். பத்திரங்களில் 'அதாவது' என்ற பொருளில் எழுதும் 'டு விட்'. அறியாமல் செய்ததைச் சொல்லும் 'அன்விட்டிங்'. வைஸ், விஸ்டம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. இவ்வளவு பழைய வாய்பாட்டை ஆங்கிலம் முழுசாகத் தொலைத்திருக்க வேண்டியதில்லை.

தமிழ் வித்து, விழி, வித்தை எல்லாம் இந்த வேரைச் சேர்ந்தவையா?

வித்தை மட்டும். அது வடமொழி 'வித்யா' வழியாக வந்தது. வேதம், வித்தியாலயம், வித்வான் ஆகியவையும் அப்படியே. வித்து, விதை, விழி ஆகியவை தமிழின் சொந்தச் சொற்கள். திராவிடக் குடும்பத்தில் அவற்றுக்கு வேறு வரலாறு. ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக உறவு சொல்லக் கூடாது. ஒழுங்கான ஒலி விதி இருக்க வேண்டும், அது பல சொற்களில் ஒரேபோல வேலை செய்ய வேண்டும். 'விழி'யை 'விஷன்' என்பதோடு முடிச்சுப் போடும் பதிவுகள் சுற்றிவருகின்றன, நம்ப வேண்டாம்.

தமிழ், வேதத்துக்கு வைத்துக்கொண்ட சொந்தப் பெயர் 'மறை'. வடமொழி கண்டதைச் சொன்ன இடத்தில் தமிழ் மறைந்திருப்பதைச் சொன்னது.

அன்றாடத் தமிழில் வேறு எங்கெல்லாம் இந்த வேர் ஒளிந்திருக்கிறது?

லத்தீன் இந்த வேரின் 'காணுதல்' பொருளை விடாமல் காப்பாற்றியது. 'விதெயோ', காண்கிறேன். அதிலிருந்து வீடியோ. 'விஸ', காணப்பட்டது, அதிலிருந்து கடவுச்சீட்டில் குத்தும் விசா. டெலிவிஷன், இன்டர்வியூ, சூப்பர்வைசர், அட்வைஸ் எல்லாம் அந்த லத்தீன் கிளை. கிரேக்கத்தின் 'இதெயா', கண்ணுக்குத் தோன்றும் உருவம் என்ற பொருளில் தொடங்கி, நம் பேச்சில் 'நல்ல ஐடியா' ஆகிவிட்டது.

ஜெர்மானியக் கிளையிலிருந்து வந்தது ஒன்று, ஆனால் சுற்றி வந்தது: கைடு. *விட்டன என்பதற்கு *வீட்டன என்றொரு நெடில் உறவு இருந்தது. ஃபிராங்கியர் என்னும் ஜெர்மானிய மக்கள் அதை 'வழி காட்டுதல்' என்ற பொருளில் பிரெஞ்சு நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஜெர்மானிய வகரத்தைப் பிரெஞ்சு, ககரமாக்கிவிடும். விடுதியின் வார்டனும் பிள்ளைகளின் கார்டியனும் மூலத்தில் ஒரே சொல் என்பது இதனால்தான். அதே வழியில் வகரம் ககரமாகி, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், கோயில் கோபுரத்தடியில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதை சொல்லும் கைடாகத் தமிழுக்கு வந்திருக்கிறது.

மனச்சாட்சி என்பதற்கு ஜெர்மன் சொல் இதிலிருந்து வந்ததா?

ஆம், கெவிஸ்ஸென். டச்சில் கெவேட்டென், ஸ்வீடிஷில் சம்வேட்டெ. மூன்றும் 'உடன் அறிதல்' என்ற லத்தீன் சொல்லைப் பகுதி பகுதியாகத் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டவை.

இந்த வினையை இன்று உயிரோடு கேட்க எங்கே போக வேண்டும்?

ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்காண்டிநேவியா எங்கே போனாலும் கேட்கும். ஆனால் ஜெர்மன் அதன் டகரத்தை ஸகரமாக்கிவிட்டது. ஸ்வீடிஷ் 'வேட்' என்று எல்லோருக்கும் ஒரே வடிவத்தைச் சொல்லி, ஒருமை பன்மை வேறுபாட்டைக் கைவிட்டது. மூல வாய்பாட்டுக்கு மிக அருகே நிற்பது ஐஸ்லாந்து. அங்கே ஒருவரிடம் வழி கேட்டு, அவருக்குத் தெரிந்திருந்தால் 'யெக் வெயிட்' என்பார், அறிவேன். பக்கத்தில் மனைவியும் இருந்து இருவருக்கும் தெரியும் என்றால் 'வித் விட்டும்', நாங்கள் அறிவோம். ஒருமைக்கு நீண்ட உயிர், பன்மைக்குக் குறுகிய உயிர், நடுவில் டகரம், இறுதியில் 'உம்'. மேலே உடுக்குறியோடு எழுதிய *வைட், *விட்டும் என்பவற்றை ரெய்க்யவிக்கின் தெருவில் உடுக்குறி இல்லாமலே கேட்கலாம்.